சொல்லுக்கு ஐந்து சதம்

வருஷம் பிறக்க நாலு நாள் இருந்தது.
கல்லடிக் கரையில் நின்ற எல்லாரும் கண்டார்கள்.
பத்தரை மணிபோல கடல் விளிம்பில்
ஒரு கரும்புகை எழுந்தது, சாய்ந்தது.
பிறகு கடல் மட்டும் இருந்தது,
நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி.

பின்னேரம் வரை கரையில் நின்றேன்.
மறுகா சைக்கிளைப் பாலத்தால் மிதித்துப்
புளியந்தீவுத் தபால் கந்தோருக்குப் போனேன்.
தந்தி: இருபத்தொரு சொல்.
ஒரு ரூபா ஐந்து சதம்.
மாத முடிவில் பத்திரிகை திருப்பித் தரும்,
அச்சில் வந்த சொல்லுக்கு மட்டும்.

போன மாதம் வரை பார்த்தலோட் துரை
வெறும் தபால் மாஸ்டர்.
இப்போது அவர் லாச்சியில்
ஒரு நீலப் பென்சில் இருந்தது,
அதைப் பிடிக்க அனுமதித்து ஒரு கடிதமும்.
கப்பல் போனது.
புகை போனது.
விமானங்கள் போயின, எண்ணிக்கையோடு.
'தெளிந்த வானம்' என்று எழுதியிருந்தேன்.
"வானிலையும் ராணுவ ரகசியம், தம்பி."
மட்டக்களப்பு, வியாழன், என் பெயர்:
மூன்று சொல் கொழும்புக்குப் போயிற்று.
வெட்டியதற்குக் காசு திரும்பாது என்றார்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அடுத்த நாள் பேப்பரில்
என் செய்தி வரவேண்டிய இடத்தில்
ஒரு சவர்க்கார விளம்பரம்.
நுரை பெருகுமாம்.

ஆஸ்பத்திரி விறாந்தை எல்லாம் பாய்.
கப்பலெண்ணெய் தோய்ந்த மனிதர்களைத்
தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தார்கள்.
கடைசிக் கட்டிலில் லெப்டினன்ட் ஹார்கிரேவ்
காய்ச்சல் அட்டையின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தார்.
வலக்கையில் கட்டு. இடக்கையால்தான்.
"இந்தக் கைக்கு வரையத் தெரியாது.
அதனால் அழகுபடுத்தவும் தெரியாது."

கப்பல் ஒருக்களித்துப் படுத்திருந்தது.
மிளகு கொட்டினாற்போல் தலைகள்.
ஓரத்தில் ஒரு தோணி, அதில் ஒரு பெடியன்,
துடுப்பைத் தண்ணீருக்குள் நீட்டியபடி.
துரைக்கு அவன் பெயர் தெரியாது.
எனக்குத் தெரியும்.
காத்தான்குடி மீராசாகிபு, பதினாறு வயது.
ஆறு பேரைக் கரைசேர்த்துவிட்டுத்
திரும்பப் போனான்.
அந்த இரண்டாம் தடவைதான்.

படங்களும் பார்த்தலோட்டின் மேசைக்குத்தான் போகவேண்டும்.
அவர் சவர பிளேடால்
கப்பலை மட்டும் வெட்டி எடுத்தார்,
அவ்வளவு நேர்த்தியாக, பாய்மரக் கம்பிகூட மிச்சமில்லாமல்.
கடற்படைக்கு அந்த ஓட்டை,
எங்களுக்கு ஓட்டையைச் சுற்றிய கடல்.
'மீன்பிடித் தோணி. ஆட்சேபமில்லை'
என்று முத்திரை குத்தினார்.

ஹார்கிரேவ் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.
சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை.
இரவு ரயிலில் ஏற்றும்போது
அட்டையை என் சட்டைப் பையில் செருகினார்.
"அவன் வீட்டில் கொடு."

கொடுக்கவில்லை. இரண்டு கிழமை வைத்திருந்தேன்.

அதற்குள் அவன் மாமா ஆதம்லெவ்வை
ஒரு நாள் கந்தோர் வாசலில் என்னைப் பிடித்தார்.
வலை நாற்றம், கண் சிவப்பு.
"பேப்பர்ல நம்மட புள்ளட பேர் வந்திச்சா மகன்?"

தந்தியின் கார்பன் பிரதி என்னிடம் இருந்தது.
நீலம் படாத, முழுசான இருபத்தொரு சொல்.
அதில் அவன் இல்லை.
பாலத்தில் சைக்கிள் மிதித்தபடி
விரல்விட்டு எண்ணினேன் அன்று.
ஊரும் பெயரும் இரண்டு சொல், பத்துச் சதம்.
கொழும்பில் யார் போடுவான்,
கப்பல் பெரிது, அதற்குள்ளே இவனும் அடங்குவான்
என்று நினைத்தேன்.

"எழுதினேன் காக்கா.
சென்சர் வெட்டிப்போட்டார்."

அவர் தபால் கந்தோர்ப் பக்கம் திரும்பி
நீண்ட நேரம் பார்த்தார்.
உள்ளே பார்த்தலோட்
யாருக்கோ முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தார்,
நாக்கில் தொட்டு, நாக்கில் தொட்டு.
ஆதம்லெவ்வை வாசலில் காறித் துப்பினார்.
என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.